பச்சை மூடி பாட்டில்

அக்காவுக்கு,

நான் கொடுத்த பச்சை மூடி பாட்டிலை முதலில் கொட்டிவிடு. பிறகு படி. போனில் சொன்னால் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய்.

உன் இடுப்பெலும்புக்குப் பரவிய அதே புற்றுதான் எங்கள் ஆய்வக எலிகளுக்கும். எந்தக் கூண்டுக்கு இலைச்சாறு, எதற்குத் தண்ணீர் என்று தெரியாமல்தான், புற்று எலும்பில் அரித்த ஓட்டைகளை எண்ண வேண்டும். நானோ, இலைச்சாறு இதற்குத்தான் என்று ஒரு கூண்டை மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன். அதில் ஓட்டைகள் குறைவாகவே கண்ணில் பட்டன. அதை நம்பித்தான் அந்தச் சாற்றைத் திருட்டுத்தனமாக உனக்குக் கொண்டுவந்தேன். நீயும் மருத்துவமனை ஊசியை நிறுத்தினாய்.

எந்தக் கூண்டுக்கு எது என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை இன்று பிரித்தார்கள். அந்தக் கூண்டு குடித்தது வெறும் தண்ணீர்.

"வலி பாதியா குறைஞ்சிடுச்சுடி" என்று சொன்னாயே, என் முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாய்?

காலையில் வண்டியோடு வருகிறேன், ஊசிக்குப் போவோம். வழியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்கே எவ்வளவு வலிக்கிறது என்று சொல்.

உன் அவசரக்குடுக்கை