கிளியனூர் சந்தையில் நீ துப்பிய நெத்திலி

நான், நீ, உன் நாத்தனார் ஸ்டெல்லா, கருவாடு விற்ற ஏழுமலை. அன்றைக்குக் கிளியனூர் சந்தையில் அந்தச் சாக்கைச் சுற்றி நின்றது நாம் நாலு பேர்தான். இன்று காலை என் மருமகள் நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வாடை மூக்கில் ஏறியதும் நாலு பேரும் அப்படியே வந்து நின்றோம்.

மழை பிடித்து, நீ உப்பு வாரின உப்பளம் மூடின வாரம் அது. மீன்பிடி போட்டும் கடலுக்குப் போகவில்லை, நம் மரக்காணத்தில் ஒரு துண்டு கருவாடு இல்லை. கல்யாணமாகி வந்திருந்த உன் மகளை மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். "கடற்கரைக்காரங்க வீட்ல பொண்ணு எடுத்திருக்கோம், நல்ல கருவாடா குடுத்தனுப்புங்க" என்று சம்பந்தியம்மா வாய்விட்டுக் கேட்டிருந்தாள். கடலோரத்துக்காரி கருவாடு வாங்க பஸ் ஏறிய கூத்தை நீயே சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஊர் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றினோம். தலையில் சுமையில்லாமல் ஒரு சந்தைக்குள் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. வேகவைத்த மல்லாட்டைக் கடலையைத் தோலோடு வாயில் போட்டு உறிஞ்சிவிட்டு, "உப்பு நம்மூருதுடி" என்றாய்.

பிறகு ஏழுமலையின் சாக்கு. ஒரு நெத்திலியை நாக்கில் வைத்தவள் உடனே துப்பினாய். "கசக்குது. பாத்தியில கடைசித் தண்ணியில வாருன உப்பு. இந்த மழைக்கு வேர்த்துப் புழு வச்சிடும்."

"ஏம்மா, கருவாட்ட நக்கிப் பாத்தா கல்கண்டு மாதிரியா இருக்கும்?" என்றான் அவன்.

ஸ்டெல்லாவுக்கு பஸ் போய்விடும் என்ற அவசரம். "உப்பு வாரி வாரி அண்ணிக்கு நாக்கு செத்துப்போச்சுண்ணே. நீ கட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டாய்.

பத்தே நாளில் அதே கருவாட்டுப் பையோடு உன் மகள் வாசலில் நின்றாள். உள்ளே புழு. "இதத் தின்னுதான் வளந்தியான்னு கேக்கறாங்கம்மா" என்று அழுதாள். யார் வாங்கினது என்று உன் வீட்டுக்காரர் கத்தினார். ஸ்டெல்லா அசையாமல் சொன்னாள்: "அண்ணிதான் நாக்குல வச்சுப் பாத்து எடுத்தாங்க."

நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையைக் கிள்ளினாய். "விடுடி. அவளும் இந்த வீட்லதான் இருக்கணும்."

அதற்குப் பிறகு நீ எதையும் ருசி பார்த்துச் சொன்னதில்லை. கேட்டால், "எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சே" என்பாய். உன் வீட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கப் பக்கத்து வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். அத்தனை வருஷமும் வந்து பார்த்தேன். ஒரு நாளும் உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை.

உன்னைப் பெட்டியில் வைத்த அன்று ஸ்டெல்லா தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்க அண்ணி நாக்குல வச்சா போதும், எந்தப் பாத்தி உப்புன்னு சொல்லிடுமே" என்று தெருவுக்கே கேட்க அழுதாள். நான் அழவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்தப் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. "கொட்டிடு" என்றேன். மருமகள் ஏன் என்று கேட்காமல் கொட்டினாள்.

ஏழுமலையை எப்போதோ விட்டுவிட்டேன்; வியாபாரி அப்படித்தான் பேசுவான். உன் சம்பந்தியம்மாவையும் விட்டாயிற்று. கிள்ளினதற்கு உன்னையும்கூட விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவை விடவில்லை.