படகு போனால் போகட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? ஓஸ்லோவில் இன்னும் மழைதானா? இந்த வடகோடியில் நான் நலம். பைக்கை விற்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். விற்க மாட்டேன்.

நேற்று, வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகுத்துறையில் வழக்கம்போல பைக்குகளை முதலில் ஏறச் சொன்னார்கள். என் பைக்கின் பக்கப்பெட்டிகள் நிறைய மருந்து, நோயாளிகளுக்கு. பாரத்தில் வண்டியின் பின்பக்கம் தணிந்திருந்தது. இறங்கிப் பின்சக்கர ஸ்பிரிங்கை இறுக்கத் தொடங்கினேன்.

"ஏம்மா நர்ஸம்மா, அக்கரையில போய்த் திருகிக்கயேன்!" என்று கத்தினார் பின்னால் நின்ற மீன் வியாபாரி எய்விண்ட்.

"அங்க இறங்கினதுமே வளைவு. பக்கக்காத்து வேற. நீங்க போங்க."

"படகு உனக்காக நிக்காது!"

"நானும் அதுக்காக ஓட மாட்டேன்."

படகு போய்விட்டது. காற்று முன்பக்கத் தடுப்புக் கண்ணாடியில் மோதித் தள்ளாதபடி அதையும் தாழ்த்திவிட்டு அடுத்த படகில் ஏறினேன். அவ்வளவு பெரிய படகில் என் பைக் ஒன்றுதான். நானே அதைத் தளத்தோடு பட்டை போட்டுக் கட்டி, அதன் பக்கத்திலேயே நின்றேன்.

பைக்கின் கைப்பிடியில் சூடேற்றும் வசதி இருந்தும் குளிரில் விரல் விறைக்கிறது. உங்கள் தோல் கையுறை வேண்டும். தபாலில் வேண்டாம், கொட்டகையில் நிற்கும் உங்கள் பைக்கில் நீங்களே கொண்டு வாருங்கள். கிளம்புமுன் பின்சக்கர ஸ்பிரிங்கை இறுக்குங்கள். அம்மாவும் பின்னால் உட்கார்ந்து வருவாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.
இங்குன்