எந்தக் காது மடிந்திருக்கிறது?

மைசூர்,
10-8-1953

திரு. மதலைமுத்து அவர்களுக்கு, சேசுவுக்குத் தோத்திரம்.

உங்கள் மகள் ஜெசிந்தாவின் வார்டு நர்ஸ் நான். முதுகெலும்பில் காசநோய் என்பதால் மாவுக்கட்டுப் போட்டு மல்லாந்தே கிடக்கிறாள். கூரையைத் தவிர ஒன்றும் தெரியாது. பெற்றவர்களை மாதம் ஒருமுறைதான் உள்ளே விடுகிறார்கள். தாயில்லாப் பிள்ளைக்கு உங்கள் கார்டுதான் எல்லாம். நீங்களோ, "சுகம். பசு கன்று போட்டது. மருந்து சாப்பிடு" என்று தந்தி அடிக்கிறீர்கள்! கன்று என்ன நிறம் என்று கேட்கிறாள். நான் எங்கே போவேன்? அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள்.

ஜேன்

நஞ்சன்கூடு,
14-8-1953

சிஸ்டர் அவர்களுக்குத் தோத்திரம்.

நான் ரயில்வே கேட்காரன். வண்டி வந்தது, போனது என்று எழுதியே பழகிய கை. கோபிக்க வேண்டாம். கன்று சிவப்பு. போதுமா?

மதலைமுத்து

மைசூர்,
19-8-1953

போதாது. செங்கல் சிவப்பா, மிளகாய்ச் சிவப்பா? பிறந்த கன்றுக்கு ஒரு காது மடிந்திருக்குமாம், எந்தக் காது மடிந்திருக்கிறது? எல்லாம் ஜெசிந்தா கேட்பது. பக்கத்துக் கட்டில் பையன் கெம்பையனுக்கும் தெரிய வேண்டுமாம். அவனுக்கு நான் கன்னடத்தில் சொல்கிறேன். ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஜேன்

நஞ்சன்கூடு,
28-8-1953

ஜெசிக் கண்ணு,

கொட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோல் இருக்குமே, அந்தச் சிவப்பு. வலது காதுதான் மடிந்திருக்கிறது, நீ புத்தகத்தில் பக்கத்தை மடித்து வைப்பாயே, அப்படி. என் பச்சைக் கொடியை இழுத்துச் சப்பிவிட்டது. கொடி காட்டினால் எச்சில் சொட்டுகிறது, எஞ்சின் டிரைவர் சிரிக்கிறார். வண்டி கூவினால் நாலு காலும் நாலு பக்கம் ஓடப் பார்க்கிறது. வாயில் பால் வாசம். நக்கினால் மணலைத் தேய்த்த மாதிரி இருக்கும். கையை நீட்டி வைத்துக்கொள்.

அப்பா

மைசூர்,
31-8-1953

அண்ணா,

நேற்று ஜெசிந்தாவின் உடலை எடுத்துக்கொண்டு போனீர்கள். இன்று காலைத் தபாலில் உங்கள் கடிதம் வருகிறது. ஒருநாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். கெம்பையன் பார்த்துவிட்டான். காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். மற்ற பிள்ளைகளும் நீட்டினார்கள். "நாளே கரு ஏன் மாடுத்தே, சிஸ்டர்?" என்கிறான். நாளைக்குக் கன்று என்ன செய்யுமாம். நான் என்ன சொல்லட்டும்?

ஜேன்

நஞ்சன்கூடு,
20-9-1953

தங்கச்சிக்கு,

அடக்கம் முடிந்ததிலிருந்து கொட்டில் பக்கமே போகவில்லை. கன்றின் முகத்தில் விழிக்க முடியவில்லை. பசுவையும் கன்றையும் சந்தைக்கு ஓட்டச் சொல்லியிருந்தேன். உங்கள் கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. இன்று தரகர் வந்தார். அந்தப் பையன் கேட்டது நினைவுக்கு வந்தது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

கெம்பையனுக்குச் சொல்லுங்கள். மடிந்த காது இன்னும் நிமிரவில்லை. அதற்குள் ஓர் ஈ புகுந்துவிட்டது. தலையை உதறிக்கொண்டு ஓடிவந்து என்மேல் முட்டியது. மல்லாந்து விழுந்தேன். எழுந்திருக்க மனசில்லை. கூரை மட்டும்தான் தெரிந்தது. என் பிள்ளை இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வாய்விட்டு அழுதேன்.

கையை நீட்டி வைத்திருந்தேன். கன்று வந்து நக்கியது. மணலைத் தேய்த்த மாதிரிதான் இருந்தது.

ஜெசிந்தாவின் அப்பா