மேற்படி மழை பெய்யவில்லை

அனுப்புநர்:
இரண்டரை ஏக்கர் மக்காச்சோள விவசாயி,
மழைமானி நிற்கும் வீடு,
வாய்க்காலின் கடைசி மடை.

பெறுநர்:
உயர்திரு பாசன அதிகாரி அவர்கள்,
பாசன அலுவலகம்.

பொருள்: பெய்யாத மழையைக் காரணம் காட்டி நிறுத்திய வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினெட்டு ஆண்டுகளில் எங்கள் பகுதியின் மழை ஆறு மடங்காகிவிட்டதாகவும், ஆகவே இனி எங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் தேவையில்லை என்றும் தங்கள் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது என் காலில் முழங்கால்வரை புழுதி இருந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. மழைமானியைப் பார்த்து எழுதுபவர் என் கணவர். குடும்பச் சண்டை என்று மனுவை ஒதுக்கிவிட வேண்டாம். சண்டையும் உண்டு, அது வேறு. மழை பெய்தால் அளவை எழுதுவார். பெய்யாத நாளில் பூஜ்யம் போடமாட்டார். மழைக்குப் பூஜ்யம் போடுவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. 'மேற்படி மழை பெய்யவில்லை' என்று முழு வாக்கியமாகவே எழுதுவார். ஏழு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அனுப்பிய புதிய பதிவேட்டில் கட்டம் குறுகிப்போனது. வாக்கியம் அடங்கவில்லை. முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்.

3. தங்கள் கணினிப் பிரிவில் 'மேற்படி' என்றால் மேலே உள்ள அளவேதான் என்று எடுத்துக்கொண்டார்கள். போன ஆண்டு ஒரு நாள் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் பெய்தது. அடுத்த அறுபத்து மூன்று நாளும் தினம் நாற்பத்திரண்டு என்று ஏறிவிட்டது. இத்தனை மழைக்கு ஊரே மிதந்திருக்க வேண்டுமே என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றியதோ, என் கணவருக்குச் 'சிறந்த மழைப் பதிவாளர்' சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் படியும் தூசியைத் துடைத்தே என் கை தேய்கிறது.

4. அலுவலகத்துக்குப் போய்த் திருத்துங்கள் என்று கணவரிடம் சொன்னேன். தப்பாகப் படித்தது அவர்கள், நான் ஏன் திருத்த வேண்டும் என்று முறுக்கிக்கொண்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாமாகவே பதிவேடுகளை இறக்கி, ஒவ்வொரு மேற்படிக்கும் பூஜ்யம் போட்டுக் கூட்டிப் பார்த்தார். மழை கூடவில்லை ஐயா. பதினெட்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பேனாவை மூடிவிட்டு, "தினம் நான்தானே எழுதுனேன், எனக்கே தெரியலையே" என்றார். பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டு இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

5. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரம் இது. எட்டு நாளுக்குள் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் வெறும் தட்டைதான் மிஞ்சும். எனக்குப் பயமாக இருக்கிறது. திருத்திய பதிவேட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். மடையைத் திறக்க உடனே ஆணையிட வேண்டுகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் தாங்களே நேரில் வந்து பார்க்கலாம். குடை வேண்டாம் ஐயா. குடிக்க மட்டும் தண்ணீர் எடுத்து வாருங்கள்.

இடம்: கடைசி மடை
நாள்: கடைசி மழைக்குப் பின் எழுபத்தோராம் நாள்

இங்ஙனம்,
காயும் பயிரின் சொந்தக்காரி
(கையொப்பம்)