வேலம்மா கொடுத்த மாத்திரை

அன்பு மகன் ஃபராஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் அம்மியை ஆஸ்பத்திரியில் மருந்து தராமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அநியாயத்தை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க மனம் வருகிறது. நீயும் மருமகள் மஹ்விஷும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன், இங்கே நான் பயந்துபோய்க் கிடக்கிறேன். ஆற்றோரத்து வீட்டை இடித்து நம்மைப் பெரும்பாக்கம் அனுப்பிய பிறகும் அவளுடைய சர்க்கரை மாத்திரையை மயிலாப்பூரில் பழைய ஆஸ்பத்திரியில்தான் வாங்கிவந்தோம். போன மாதம் அங்கே மருந்து கொடுக்கும் பெண், இன்னா பாய், கார்டுல பெரும்பாக்கம்னு கீது, இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீறே என்று எங்கள் இரண்டு பேரையும் விரட்டிவிட்டாள். இங்கே பெரும்பாக்கம் ஆஸ்பத்திரியில் கேட்டால், அந்த மாத்திரை எங்களுக்கு வர்றதில்ல, அங்கயே சீட்டு எழுதி வாங்கினு வா என்கிறார்கள். நீயோ போனில், எல்லாம் ஒரே சர்க்கார்தானே, எங்கே போனாலும் கொடுப்பார்கள் என்றாய். பக்கத்திலிருந்து கேட்ட உன் அம்மி அதை நம்பி, சர்க்கார் மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று கீழ்வீட்டு வேலம்மாவின் சர்க்கரை மாத்திரையை வாங்கி, ஷபே பராத் நோன்புக்கு விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டாள்.

மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனவள் குழாயடியில் வியர்த்து நடுங்கி, என்னைப் பார்த்து யார் நீங்கள் என்றாள். நோன்பை முறிக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். வேலம்மாதான் அழுதுகொண்டே, குடி பாய்மா, உங்க அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினாள். அது வேறு மாத்திரையாம், வெறும் வயிற்றில் ஆளையே கொண்டுபோயிருக்கும் என்றார் டாக்டர்.

பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், எனக்கே தெரிகிறது. பெரிய ஆஸ்பத்திரி மாநிலத்துடையது, தெரு ஆஸ்பத்திரி மாநகராட்சியுடையது, பெரும்பாக்கம் வேறு மாவட்டம், சில மருந்துகள் டெல்லியிலிருந்து வரவேண்டும். இதில் ஒரே சர்க்கார் எங்கே இருக்கிறது? நீ இருக்கும் பர்மிங்ஹாமில், இங்கிலாந்து முழுக்க ஒரே ஏற்பாடு என்கிறாயே, அங்கேயும் வீடு மாறியதும் புது டாக்டரிடம் பெயர் பதிந்து நீ காத்துக் கிடந்ததை மஹ்விஷ் என்னிடம் சொல்லிவிட்டாள்.

ரமலான் வருகிறது. முப்பது நோன்பும் வைப்பேன் என்கிறாள். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். அல்லாஹ் உங்களைக் காக்கட்டும். மறக்காதே, மயிலாப்பூரில் போய் உட்காரப்போகிறேன், சீட்டு எழுதி வாங்காமல் நான் எழுந்து வரப்போவதில்லை. இங்கே உள்ளவர்கள் அந்த மாத்திரையை வரவழைத்தே ஆகவேண்டும். வேலம்மா தன் மாத்திரையை ஒளித்துவைக்க வேண்டும், சொல்லிவிட்டேன். நோன்பு வேண்டாமென்று அம்மியிடம் நீதான் சொல்லவேண்டும், நீ சொன்னால்தான் நம்புவாள்.

உன் அப்பா,
கரீமுல்லா