கிடுகு பறந்த படம்

1991 ஒக்ரோபர் 6, ஞாயிறு

வெயில். காற்றில்லை. தென்னோலைக் கிடுகு முழுவதும் செல்வம் பின்னி முடித்துவிட்டாள். மூன்று கிழமை வேலை, விரலெல்லாம் கீறல். போன மாதம் ஷெல் விழுந்ததில் ஓடு ஒன்றும் மிஞ்சவில்லை. சமைக்கிற குசினிக்கு மட்டும் கூரை. நான், மனைவி செல்வம், மகள் வாணி மூவரும் அதற்குள். மழைக்கு முன் கிடுகால் வீட்டுக் கூரையை மேய வேண்டும். ஈரம் பட்டால் வாணிக்கு மூச்சு இழுப்பு வரும்.

பின்னேரம் குலம் வந்தான். பள்ளிக்கூடச் சிநேகிதன். கல்யாண வீடுகளுக்கு வீடியோ பிடிக்கிறவன். இப்போது சொந்தமாகப் படம் எடுக்கப் போகிறானாம். சின்ன ஊர், சுழல்காற்று, ஊரே அழிகிறது. என் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், இப்பிடி ஒரு செற் நான் தலைகீழாய் நிண்டாலும் போடேலாது. ரெண்டு கிழமை மேயாமல் விடு."

எனக்கு விதானையார், ஊர் அதிகாரி வேஷம். ஒரு வசனம்: "காத்து வருது! எல்லாரும் கோயிலுக்கு ஓடுங்கோ!"

ஓம் என்றுவிட்டேன். செல்வத்திடம் கேட்கவில்லை. மடையன்.

ஒக்ரோபர் 9

செல்வம் கதைப்பதில்லை. தேத்தண்ணீரைக் கதிரையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

வசனம் பாடம். கிணற்றடியில் நின்று சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். வாணி உண்மையென்று நினைத்து அழுதுவிட்டாள்.

குலத்திடம் கேட்டேன், ஏன் காற்று, ஷெல்லைப் பற்றியே எடுத்தால் என்ன? "காத்து எண்டால் ஒருத்தனும் வந்து ஏன் எடுத்தனீ எண்டு கேக்கமாட்டான்." அதுவும் சரிதான்.

ஒக்ரோபர் 20

படப்பிடிப்பு. காற்றுக்கு, உழவு இயந்திரத்தில் பூட்டிய நெல் தூற்றும் விசிறி. இந்தத் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் எங்கே பிடித்தானோ. சருகு போட்டார்கள், எடுபடவில்லை. சாக்குப் போட்டார்கள், விழுந்த இடத்திலேயே கிடந்தது. குலத்தின் கண் எங்கள் கிடுகு அடுக்கில்.

"நாலைஞ்சுதான் மச்சான்."

நாலைந்தாம்! அடுக்கு முழுவதும் போனது. மதிலில் மோதித் தும்பு தும்பாய். நான் விதானையார் கோட்டோடு பார்த்துக்கொண்டு நின்றேன். செல்வம் குசினி வாசலில். திரும்பி உள்ளே போனாள். ஏசியிருக்கலாம்.

நவம்பர் 3

காலை தொடக்கம் மழை, விட்டு விட்டு. குசினிச் சுவர் ஊறுகிறது.

செய்ய: ஓலை தேட (ஒருவரிடமும் இல்லை). மூட ஒரு தறப்பாள் கேட்க. வாணிக்கு மருந்து. ஆஸ்பத்திரியிலும் இல்லை, கடையிலும் இல்லை.

குலம் படத்தை வெட்டி ஒட்டுகிறானாம். மும்முரமாம். நாசமாய்ப் போக.

நவம்பர் 10

மழை விட்டிருந்தது. கோப்பாயில் குலத்தின் வீட்டு வளவில் படம் போட்டான். ஜெனரேற்றர், சின்ன ரீவி, சனம் நிறைய. செல்வமும் வந்தாள், ஏனென்று தெரியவில்லை.

படமா அது! சுழல்காற்று என்று காட்டியது கமராவுக்கு முன் ஆட்டிய கறுப்புச் சேலை. ஊர் அழிகிறதாம், மாடு ஒன்று அசை போட்டுக்கொண்டு நிற்கிறது. என் வசனம் வந்தது. வாய் அசைகிறது, இயந்திரச் சத்தம் மட்டும் கேட்கிறது. பின்னாலிருந்து ஒருத்தன்: "ட்ரக்ரர் வருது, ஓடுங்கோ!" சிரிப்போ சிரிப்பு.

கிடுகு பறந்தபோது மட்டும் கைதட்டினார்கள். செல்வம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

நவம்பர் 11

விடியப்புறம் தொடக்கம் அடைமழை. வாணிக்கு இழுப்பு. குலம் குடையோடு வந்தான், முகமெல்லாம் பல்.

"ஆக்கள் என்ன சொன்னாலும், உன்ரை வீடுதான் மச்சான் படத்தைக் காப்பாத்தினது."

செல்வம் வெளியே வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அப்ப அந்த வீட்டிலை நீங்கள் ரெண்டு பேரும் இருங்கோ. நான் பிள்ளையைக் கொண்டு இணுவிலுக்கு, அக்கா வீட்டை போறன்."

நானும் வாறன் என்றேன். அவள் சைக்கிளை எடுத்தாள். வாணியைச் சைக்கிள் கரியரில் இருத்தினாள். பிள்ளையின் தலைக்குப் போட ஓர் உரப்பையை நீட்டினேன். அதை மட்டும் வாங்கினாள்.