வாங்காத பணத்துக்கு உங்கள் கையெழுத்து

முந்தாநாள் உங்கள் தங்கை என் மேசைமேல் போட்டுவிட்டுப் போன புத்தகத்திலிருந்து இன்னமும் அச்சு மை மணக்கிறது. வழுவழுப்பான தாள், தடித்த அட்டை. எங்கள் திட்டத்துக்கு வந்த பணத்தைப் பொறுப்பேற்று வைத்திருந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை அது. பதினோராம் பக்கத்தில் நீங்கள் சிரிக்கிறீர்கள். படத்தைச் சுற்றிக் கணினியில் வரைந்த ஒரு மாலை. "தமிழ் மென்பொருளுக்காக உழைத்து மறைந்த எங்கள் ஊழியர்" என்று கீழே எழுதி, பன்னிரண்டு மாதத்துக்கு உங்களுக்குக் கொடுத்த பணம் இவ்வளவு என்று ஒரு தொகையும் போட்டிருக்கிறார்கள். யன்னலைத் திறந்து வைத்தும் அந்த மணம் போகவில்லை.

உங்களுக்கு அவர்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. முந்தாநாள் வரை, உயிரோடு இருப்பவர்களில் அதை நிச்சயமாக அறிந்திருந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அந்த நிறுவனத்தின் பணிப்பாளர். மற்றவள் நான்.

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த அறையில்தான் உங்களை முதலில் கண்டேன். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கவும், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்த்துத் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றுக்கு, தமிழில் எழுத்துப் பிழை காட்டும் பகுதியை நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். பின்னேரங்களில் ரியூஷன் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டீர்கள். வேறோர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், சனிக்கிழமைகளில் சொற்பட்டியல் சரிபார்க்க வந்தேன். ஓர் ஆண்டுக்குள் திட்டத்தின் கணக்கும் என் தலையில் விழுந்தது.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நிதி தர ஒத்துக்கொண்டபோது நாங்கள் மகிழ்ந்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். சமாதானம் என்ற சொல்லை யாரும் நம்பாமல் போய், மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. தமிழ்ப் பெயருள்ள ஐந்து பேர் வங்கிக் கணக்குத் திறந்து, அதற்குக் கடல் கடந்து பணம் வந்தால் எந்தச் சீருடை கதவைத் தட்டும் என்று தெரியாதவர் இல்லை. ஆகவே, பதிவுசெய்யப்பட்ட அந்த இலாப நோக்கற்ற நிறுவனத்தின் கணக்குக்குப் பணம் போனது. நூற்றுக்குப் பதினைந்து அவர்களுக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பயந்தவன் கொடுக்கும் வாடகை அது.

நீங்கள் மட்டும் ஒரு பிடிவாதம் பிடித்தீர்கள். திட்டத்தின் வரவு செலவை, மென்பொருளோடு சேர்த்து ஒரே இடத்தில், யாரும் பார்க்கும்படி வைக்கச் சொன்னீர்கள். "நிரலைத் திறந்து வைச்சிட்டுக் கணக்கைப் பூட்டி வைச்சால் அது என்ன திறந்த மூலம்?" அந்த இடத்தில் எந்த வரியை யார் மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் நேரமும் பழைய வரியும் அழியாமல் நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எழுதிய கணக்குப் புத்தகம் எதுவும் அப்படி நேர்மையாக இருந்ததில்லை.

பிறகு அந்தத் தொடக்கவிழா. வேலை பாதிகூட முடியவில்லை, நிறுவனத்தார் ஹோட்டல் மண்டபம் எடுத்துவிட்டார்கள். குத்துவிளக்கு, சுவரை மூடிய பதாகை, வரிசையாகப் பேச்சு. பேசியவர்களில் ஒருவர்கூட மென்பொருளைத் திறந்து பார்த்தவர் இல்லை. உங்களைப் பேச அழைக்கவில்லை. புரஜெக்டர் வேலைசெய்யவில்லை என்று அழைத்தார்கள். படம் எடுத்து முடியும் வரை நீங்கள் மேசைக்குக் கீழே வயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் என் தட்டில் இருந்த இறாலைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அந்த றால் எங்கட சேர்வரின்ர ஆறு மாச வாடகை. வடிவாச் சாப்பிடும்." அன்று சிரித்தேன்.

நிதி தந்தவர்களின் பட்டியலில் ஹோட்டலுக்கு இடம் இல்லை. ஆனால் மென்பொருள் எழுதுபவருக்கு மாதக் கொடுப்பனவு என்று ஒரு வரி இருந்தது. வரும் வரும் என்று நீங்கள் காத்திருந்த பணம் அது. அதைத்தான் விழாவில் சாப்பிட்டிருந்தார்கள். பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் வவுச்சர்களை, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, தந்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"தம்பியிட்ட சைன் வாங்கித் தாரும், தங்கச்சி. எல்லா இடத்திலயும் நடக்கிறதுதானே. ஓடிட்டர் பாக்கிறது கையெழுத்தை, ஆளை இல்லை."

நீங்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தீர்கள். "வாங்காத காசுக்கு நான் சைன் வைக்கமாட்டன். றால் சாப்பிட்டவையிட்ட வாங்கச் சொல்லும்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கணக்காய்வு முடியாமல் இரண்டாம் தவணை வராது. சொற்களைத் தட்டச்சு செய்த இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று மாதம் சம்பளம் இல்லை. அவர்களில் ஒருத்தி கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். பஸ்ஸுக்குக் காசில்லை என்று வராமல் நின்றுவிட்டாள். இதையெல்லாம் எனக்குச் சாதகமாக எழுதவில்லை. நடந்தது இதுதான். வவுச்சர்களில் முத்திரைகளை நாக்கில் நனைத்து ஒட்டி, அவற்றின்மேல் உங்கள் கையெழுத்தை நான் பன்னிரண்டு முறை வைத்தேன். ஒரு முதலெழுத்தும் ஒரு வளைவும், அவ்வளவு எளிது. அந்தப் பசையின் கசப்பு இரண்டு நாள் வாயில் இருந்தது. அவர்களின் கணக்கும் எங்களுடைய திறந்த கணக்கும் ஒத்துப்போக வேண்டுமே என்று, அங்கேயும் போய் உங்கள் பெயருக்கு எதிரே இருந்த "வழங்கப்படவில்லை" என்பதை "வழங்கப்பட்டது" என்று மாற்றினேன். பொய் சொல்லிவிட்டு அதன் கீழே என் பெயரையும் நேரத்தையும் பதிந்துவிட்டு வரக்கூடிய மடைச்சி நான் ஒருத்திதான் இருப்பேன்.

அடுத்த நாள் காலை கண்டுவிட்டீர்கள்.

"நீரோ மாத்தினது?"

"ஓம்."

"வவுச்சர்?"

"அதுவும்தான். பிள்ளையளுக்குச் சம்பளம் குடுக்கோணும்."

நீங்கள் திரையைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "இதைத் திருப்ப எனக்கு ஒரு நிமிசம் காணும். ஆனால் நீர் மாத்தினது. நீர்தான் திருப்போணும்." எங்கள் வேலையின் மரியாதை அது. ஒருவர் செய்த பிழைக்கு மேல் இன்னொருவர் சத்தமில்லாமல் பூசி மெழுகக் கூடாது. செய்தவரே காரணம் எழுதித் திருத்த வேண்டும். நான் தவணை வரட்டும் என்றேன். வந்தது. சம்பளமும் கொடுத்தோம். பிறகு, அடுத்த மாதம் என்றேன், எனக்குள். நீங்கள் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. ஐந்து மாதம் கழித்து டெங்குக் காய்ச்சல் வந்து, ஆறே நாளில் போய்விட்டீர்கள்.

முந்தாநாள் உங்கள் தங்கை பாமன்கடையிலிருந்து வந்து, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றபடியே கேட்டாள்.

"ஆஸ்பத்திரி பில்லுக்கு என்ர சங்கிலியை அடகு வைச்சனான். அண்ணா தன்னட்டச் சல்லிக்காசு இல்லையெண்டு சொன்னவர். இதில இவ்வளவு போட்டிருக்கு. அப்ப எங்களுக்கு ஒளிச்சவரோ?" என் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "அம்மா கேக்கிறா, ஆரோ பொம்பிளைப் பிள்ளைக்குக் குடுத்திட்டாரோ எண்டு."

அந்தப் பார்வை எனக்குத் தகும். சொன்னேன், எல்லாவற்றையும்.

"அவருக்குத் தெரியுமோ?"

"ஓம். அஞ்சு மாசம்."

"அந்த அஞ்சு மாசமும் உங்களோட கதைச்சவரோ?"

"கதைச்சவர்."

"எனக்கெண்டால் ஏலாது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நேற்று அந்த வரியைத் திருப்பினேன். காரணம் எழுதும் இடத்தில், "இவர் இந்தப் பணத்தைப் பெறவில்லை. வவுச்சர்களில் உள்ள கையெழுத்து நான் இட்டது" என்று எழுதி, நிதி தந்தவர்களுக்கும் அதையே அனுப்பினேன். இன்று காலை பணிப்பாளர் தொலைபேசியில், "உமக்கென்ன விசரோ? செத்த மனிசனுக்கு இப்ப என்ன லாபம்? இருக்கிற திட்டமும் நிக்கப்போகுது" என்று கத்தினார். நிற்கலாம். உங்களுடைய படத்துக்கு மாலை போட்ட கையால் அடுத்த நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர் அவர். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

திருத்திய பக்கத்தை அச்செடுத்து நேற்றுப் பின்னேரமே பாமன்கடைக்குக் கொண்டுபோனேன். உங்கள் தங்கை கேற்றடியில் நின்று வாசித்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இதை ஆரும் பாக்கலாமோ?"

"உலகத்தில ஆரும் பாக்கலாம்."

"அம்மா பாக்கமாட்டா. அவவுக்குக் கம்பியூட்டர் தெரியாது." தாளை மடித்து, அதன் ஒரு மூலையைக் கிழித்து, பின்பக்கத்தில் யாழ்ப்பாணத்து இலக்கம் ஒன்றை எழுதித் தந்தாள். "பக்கத்து வீட்டு ரெலிபோன். ஞாயிறு பத்து மணிக்கு வந்து இருப்பா. நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

நாளை ஞாயிறு. அந்தத் துண்டு என் கைப்பையில் இருக்கிறது. என்ன சொல்வதென்று நேற்றிலிருந்து எழுதி எழுதிப் பார்க்கிறேன். நான் எழுதும் வசனம் எல்லாம் "உங்கட மகன்" என்றுதான் தொடங்குகிறது. "நான்" என்று தொடங்க வேண்டும்.